நெல் உலர்த்தியை விற்பதா, சிப்பத்துக்கு இவ்வளவு என்று காய வைத்துத் தருவதா? டெல்டா பட்டறைகளில் பொருள்–சேவை ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் விவசாயக் கருவி செய்யும் பட்டறைகளை எடுத்து ஆய்வு செய்ய வரும் எம்.பி.ஏ., எம்.இ. மாணவர்களோடு சில ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்கிறேன். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு கருவியைச் செய்து விற்கும் பட்டறை, அந்தக் கருவி செய்யும் வேலையையே சேவையாக விற்றால் கட்டுப்படியாகுமா? இதைத்தான் ஆய்வுலகில் பொருள்–சேவைத் தொகுப்பு என்கிறார்கள். மாணவர்கள் தடுமாறும் இடமும் ஒன்றுதான். முதல் நாளே மடிக்கணினியைத் திறந்து, எக்செல்லில் ஐந்து ஆண்டு லாபக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பட்டறைக்குப் போவது அந்தக் கணக்குக்கு எண் தேடுவதற்காக மட்டும் என்று ஆகிவிடுகிறது.

இந்த வேலையில் வரிசை முக்கியம். டெல்டாவில் எந்தக் கருவிக்கும் ஆண்டில் வேலை இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களை எண்ணாமல் போடும் எந்தக் கணக்கும் நிற்காது. அதனால் முதலில் நாள், பிறகு ஆள், அப்புறம் ஒப்பந்தம், கடைசியில்தான் மென்பொருள். கீழே முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் போகிறேன்: டிராக்டரில் இழுத்துப் போகும் நெல் உலர்த்தி செய்கிற ஒரு பட்டறை. ரூபாய், நேரம் எல்லாம் கணக்கை விளக்க நான் வைத்த எண்கள். உங்கள் பட்டறையில் கிடைப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒப்புதல் கடிதம் தமிழில், ஒரு பக்கம். பட்டறையின் பெயர் ஆய்வேட்டில் வராது, கணக்கு நோட்டை வேறு யாருக்கும் காட்ட மாட்டோம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கல்லூரி முத்திரையோடு நீட்டினால், வரித்துறை ஆள் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கே நேர்ந்திருக்கிறது.

பெரிய நோட்டு ஒன்று. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள்: அவர் சொன்னது, நான் பார்த்தது, நோட்டில் இருந்தது. இந்த மூன்றையும் கலந்து எழுதிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ஆய்வேட்டுக்கு வலு சேர்ப்பது, மூன்றும் ஒத்துப்போகும் இடமும் ஒத்துப்போகாத இடமும்தான்.

சொந்தமாக ஓர் ஈரப்பதமானி கிடைத்தால் நல்லது. துறையில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

2. அளவைகளை முதலில் சரிசெய்யுங்கள்

களத்தில் நின்று பேசுபவர்கள் ஏக்கரில் பேச மாட்டார்கள். "மூணு மா அறுத்தாச்சு" என்பார்கள். தஞ்சைப் பக்கக் கணக்கில் 100 குழி ஒரு மா, ஒரு குழி 144 சதுர அடி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

மூட்டையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் என்றால் 40 கிலோ. விவசாயி வீட்டில் மூட்டை என்றால் பெரும்பாலும் 60 கிலோவை ஒட்டியது. "ஏக்கருக்கு முப்பது மூட்டை" என்று கேட்டு 40-ஆல் பெருக்கிய மாணவரின் கணக்கில் 600 கிலோ நெல் காணாமல் போனது. யார் எந்த மூட்டையைச் சொன்னாலும் "கிலோ எத்தனைங்க?" என்று அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் நினைவுக்கு வராது.

3. நாட்களை எண்ணுங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி. அந்த இடைவெளியில் அறுவடை தள்ளிப்போன வயல்கள் மழையில் மாட்டும். சம்பா, தாளடி அறுவடை பொங்கலை ஒட்டித் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச் வரை போகும். அப்போது பனி உண்டு, சில ஆண்டு மழையும் உண்டு, ஆனால் வெயில் கிடைக்கும் நாட்கள் அதிகம்.

மாணவர்கள் செய்வது: குறுவைக்கு 30 நாள், சம்பாவுக்கு 35 நாள், ஆக 65 நாள் இயந்திரம் ஓடும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் உலர்த்திக்கு வேலை வர இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: வயலில் அறுவடை நடந்திருக்க வேண்டும், நெல் வெயிலில் காய வழி இல்லாமலும் இருக்க வேண்டும். நல்ல வெயில் அடித்தால் சாலையிலோ களத்திலோ கொட்டிக் காய வைத்துவிடுவார்கள். கன மழை பெய்தால் அறுவடை மெஷினே வயலில் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்கள்தான் உங்கள் சந்தை.

இதை எண்ணும் முறை: பக்கத்து மழைமானி நிலையத்தின் பத்து ஆண்டு தினசரிப் பதிவை வாங்குங்கள். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளை மழை நாள் என்று இந்திய வானிலைத் துறை கணக்கிடுகிறது. அந்த நாட்களையும் அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அறுவடை மெஷின் தரகரிடமோ ஓட்டுநரிடமோ போய், அந்த ஊரில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வண்டி ஓடியது என்று கேளுங்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்குவதால் அவர்களிடம் நோட்டு இருக்கும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள்.

தேதிகளை அப்படியே எல்லா ஆண்டுக்கும் போட்டுவிடாதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆனது. ஆற்றுப் பாசன வயல்களின் நாட்காட்டி அதோடு நகரும். போர் தண்ணீரில் குறுவை போடுபவர்கள் அணைக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஒரே கிராமத்தில் இரண்டு நாட்காட்டி இருக்கலாம், இரண்டையும் குறியுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, இப்படி எண்ணியதில் குறுவைக்கு 18 நாள், சம்பாவுக்கு 8 நாள், ஆக 26 நாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 எங்கே, 26 எங்கே! இது கடைசி விடையை எப்படித் திருப்பிப் போடுகிறது என்பதை ஏழாம் படியில் பார்க்கலாம்.

4. சரியான மாதத்தில், சரியான ஆட்களிடம், நடந்ததைக் கேளுங்கள்

கல்லூரித் திட்டப்பணி ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. குறுவை அறுவடையோ அக்டோபரோடு போய்விட்டது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், நினைவிலிருந்து சொல்வதை மட்டும் எழுத வேண்டியதாகிறது. முடிந்தால் முந்தைய பருவத்திலேயே நான்கு நாள் களத்துக்குப் போய் வந்துவிடுங்கள். நிதானமான நேர்காணலுக்கு மார்ச், ஏப்ரல் நல்லது. மே பிறந்தால் கேஜ் வீல் பழுது, கலப்பைக் கொழு என்று பட்டறை வாசலில் டிராக்டர் வரிசை கட்டும். அப்போது போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்பது அவர் பிழைப்பைக் கெடுப்பது.

பட்டறைக்காரர் ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு வருவது அடுத்த பிழை. வெல்டிங் வைப்பவர், பழுது பார்க்க வெளியூர் போகும் மெக்கானிக், கருவியை வாங்கியவர், வாங்க நினைத்து வாங்காமல் விட்டவர், கொள்முதல் நிலையத்தில் எடை போடும் பணியாளர் என்று குறைந்தது ஐந்து வகை ஆட்கள் வேண்டும். இதில் மிகவும் உதவுபவர் வாங்காமல் விட்டவர். அவரைத் தேடிப் போவது யாருக்கும் தோன்றுவதில்லை.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, திருவாரூர் பக்கம் ஒரு களத்து மேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வந்த மாணவர் ஒரு பெரியவரிடம் கேட்டார்: "ஐயா, சிப்பத்துக்கு அறுபது ரூவான்னு நெல்லைக் காய வச்சுக் குடுத்தா நீங்க குடுப்பீங்களா?"

"நல்லாக் காய வச்சா தாராளமாக் குடுக்கலாம் தம்பி."

மாணவர் "சம்மதம்" என்று எழுதிக்கொண்டார். இந்தப் பதிலுக்கு மதிப்பு இல்லை. முகத்துக்கு நேரே கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அது மரியாதை. நான் வேறு மாதிரி கேட்டேன்: "போன குறுவைல மழை புடிச்சப்ப நெல்லை என்ன பண்ணீங்கய்யா?"

"ரோட்டுல கொட்டி மூணு நாளு கெளறினோம். ரெண்டு ஆளு. ராத்திரி தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு அங்கயே படுத்துக்கெடந்தேன். அடியில கொஞ்சம் மொளச்சுப் போச்சு."

"எத்தனை சிப்பங்கய்யா?"

"நூறு இருக்கும்."

இதில் கணக்கு இருக்கிறது. கூலி நாளுக்கு 500 ரூபாய் என்றால் இரண்டு ஆள், மூன்று நாள், 3,000 ரூபாய். சிப்பத்துக்கு 30 ரூபாய். தார்ப்பாய் வாடகை, முளைத்துப்போன நெல், அவருடைய மூன்று இரவு எல்லாம் அதற்கு மேல். உங்கள் 60 ரூபாய் போட்டியிடுவது இதோடுதான். வெயில் நாளில் 30 ரூபாயில் முடிகிற வேலைக்கு யாரும் 60 கொடுக்க மாட்டார்கள். முளைத்துவிடுமோ என்ற பயம் இருக்கும் நாளில் கொடுப்பார்கள். வெயிலுக்கும் கன மழைக்கும் நடுவில் இருக்கும் நாட்கள்தான் சந்தை என்று மூன்றாம் படியில் சொன்னதை அந்தப் பெரியவர் வாயாலேயே கேட்டுக்கொண்டோம். "தருவீர்களா" என்று கேட்காதீர்கள். போன தடவை என்ன செய்தார், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள்.

5. எதை விற்கிறோம், ஆபத்து யார் தலையில் என்பதை எழுதுங்கள்

டக்கர் என்ற ஆய்வாளர் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் பொருள்–சேவைத் தொகுப்புகளை மூன்று பெரும் பிரிவாகவும் எட்டு வகையாகவும் பிரித்தார். பொருளை மையமாகக் கொண்டவை, பயன்பாட்டை மையமாகக் கொண்டவை, விளைவை மையமாகக் கொண்டவை என்பது அந்தப் பிரிவு. ஆய்வேட்டில் எல்லாரும் இதைப் படமாக வரைகிறார்கள். வரைந்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பிரிவை வைத்து வேலை வாங்க வேண்டும்.

உலர்த்திக்குப் பொருத்திப் பாருங்கள். இயந்திரத்தை விற்று, ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுப்பது முதல் பிரிவு. மழை வராத ஆண்டில் நஷ்டம் வாங்கியவருக்கு. நாள் வாடகைக்கு விடுவது இரண்டாவது. இயந்திரம் சும்மா நின்றால் நஷ்டம் பட்டறைக்கு, ஆனால் எரிபொருள், ஆள் எல்லாம் விவசாயி பாடு. சிப்பத்துக்கு இவ்வளவு என்று காய வைத்துத் தருவது மூன்றாவது. அதிலும் இரண்டு உண்டு: காய வைத்த சிப்பத்துக்குப் பணம் வாங்குவது ஒன்று, கொள்முதல் நிலையத்தில் நெல் தேறினால்தான் பணம் என்று ஒப்புக்கொள்வது இன்னொன்று. ஒவ்வொரு படி இறங்கும்போதும் மழை, பழுது, எரிபொருள் விலை, ஈர அளவு என்று ஒவ்வோர் ஆபத்தாக விவசாயி தோளிலிருந்து பட்டறை தோளுக்கு மாறுகிறது. வாங்கும் கட்டணத்தில் அதற்கு விலை வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதே உங்கள் ஆய்வின் மையம். சேவையில் முதலீடு போட்டும் லாபம் வராமல் போவதை கெபாவர், ஃபிளைஷ், ஃபிரீட்லி ஆகியோர் 2005-இல் சேவை முரண் என்று பெயரிட்டு எழுதினார்கள். நம் பட்டறைகளில் அது நடப்பது பெரும்பாலும் இந்த விலை வைக்காத ஆபத்தால்தான் என்பது நான் பார்த்த வரையில் என் முடிவு.

இங்கே ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்: ஈரம்.

கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 22 சதவீத ஈரத்தோடு வரும் ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீரை எடுக்க வேண்டும்? 22-இல் 17 போக 5, ஆக 50 கிலோ என்று எழுதுகிறார்கள். தவறு. உலர்ந்த பொருள் 780 கிலோ. காய்ந்த பிறகு அது மொத்த எடையில் 83 சதவீதமாக இருக்கும். 780-ஐ 0.83-ஆல் வகுத்தால் 940 கிலோ. ஆக எடுக்க வேண்டியது 60 கிலோ. ஈரம் 25 சதவீதம் என்றால் 750-ஐ 0.83-ஆல் வகுக்க 904 கிலோ, எடுக்க வேண்டியது 96 கிலோ. ஈரம் மூன்றே புள்ளி கூடியதற்குத் தண்ணீர் 60 சதவீதம் கூடிவிட்டது. எரிபொருளும் நேரமும் அதோடு கூடும். ஆகவே எல்லா நெல்லுக்கும் ஒரே கட்டணம் என்பது பட்டறைக்காரர் தன் கையைத் தானே சுட்டுக்கொள்வது. ஈர அளவுக்கு ஏற்ப இரண்டு மூன்று கட்டணம் வேண்டும்.

இன்னொன்று. உள்ளே போன 25 சிப்பம் வெளியே வரும்போது 23.5 சிப்பம்தான். "ஒன்றரைச் சிப்பம் எங்கய்யா போச்சு?" என்று கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். கட்டணம் ஈர நெல்லின் எடைக்கா, காய்ந்த நெல்லின் எடைக்கா என்பதை முன்பே தாளில் எழுதி, எடை குறைவது ஏன் என்று சொல்லிவிட வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் கட்டணம் உள்ளே போகும் ஈர நெல்லுக்கு.

யாருடைய மானியில் 17 என்பதும் தகராறுதான். பட்டறை மானி 16.8 காட்டும், நிலையத்து மானி 17.6 காட்டும். ஒரே நெல்லை இரண்டிலும் பலமுறை வைத்து வித்தியாசத்தைப் பதிவு செய்யுங்கள். தேறினால்தான் பணம் என்ற ஒப்பந்தத்தில் இந்த வித்தியாசம் முழுக்கப் பட்டறை செலவு. அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காய வைக்க வேண்டிவரும், அதற்கும் எரிபொருள் கணக்கு உண்டு.

விதைநெல் கொண்டுவருபவர்கள் தனி. விதைக்குக் காற்றின் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முளைப்பு போய்விடும். நேரம் கூடும் என்பதால் கட்டணமும் தனியாக வேண்டும்.

6. சேவை நடக்கும் வழியைக் காகிதத்தில் வரையுங்கள்

ஃபோன் வருவதிலிருந்து பணம் கைக்கு வருவது வரை ஒவ்வோர் அடியையும் வரிசையாக எழுதுங்கள். விவசாயி கண்ணுக்குத் தெரிவதை மேலே, தெரியாததைக் கீழே போட்டு நடுவில் ஒரு கோடு. கூடவே ஒவ்வோர் அடிக்கும் எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் நின்று அளந்து எழுதுங்கள்.

பட்டறைக்காரர் "ஒரு தடவைக்கு மூணு மணி நேரம்" என்பார். அது காய்கிற நேரம் மட்டும். கொட்ட, அள்ள, சாக்கு பிடிக்க, தைக்க, அடுத்த களத்துக்கு இழுத்துப் போக என்று சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஆகிறது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை, தடவைக்கு 2 டன் என்றால் நாளுக்கு மூன்று தடவை, 6 டன், 150 சிப்பம். மூன்று மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டவர் 250 சிப்பம் என்று எழுதியிருந்தார்.

களத்துக்குப் பாதை இருக்கிறதா என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். வரப்பைத் தாண்டி டிராக்டர் போகாத இடத்துக்கு நெல்லைச் சுமந்து வர வேண்டும், அந்தக் கூலி யார் கொடுப்பது?

7. இப்போது மென்பொருளைத் திறக்கலாம்

தொழில்திட்டத்துக்கென்றே சந்தா கட்டி வாங்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. கேள்வி கேட்டு, பதிலை வாங்கி, அழகான அறிக்கையாகத் தருகின்றன. இந்த ஆய்வுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். சூத்திரம் உள்ளே மறைந்திருக்கும், தேர்வாளர் கேட்டால் காட்ட முடியாது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் எதுவாக இருந்தாலும் போதும். ஆடிட்டர் டேலியில் வைத்திருக்கும் பேரேட்டைத் தாளாக ஏற்றுமதி செய்து தருவார், பட்டறைக்காரர் சம்மதத்தோடு கேளுங்கள்.

தாள்களின் வரிசை: ஊகங்கள், நாட்காட்டி, வருவாய், செலவு, பணவரவு–செலவு, சோதனை. எண் எல்லாம் ஊகங்கள் தாளில் மட்டும். மற்றத் தாள்களில் சூத்திரம் மட்டும். கூலி 900-ஐ பதினெட்டு சூத்திரத்துக்குள் தட்டிவிட்டால், கூலி 1,000 ஆகும்போது பதினேழை மாற்றிவிட்டு ஒன்றை விட்டுவிடுவீர்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: சொன்னது, பார்த்தது, நோட்டு.

மாதங்களை ஏப்ரலிலிருந்து மார்ச் வரை போடுங்கள். நிதியாண்டோடு ஒத்துப்போகும், குறுவையும் சம்பாவும் ஒரே தாளில் முழுதாக அடங்கும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு இப்படி. கட்டணம் சிப்பத்துக்கு 60 ரூபாய். உமி, டீசல், சாக்குத் தையல் எல்லாம் சேர்த்து 26 ரூபாய். மிச்சம் 34. இயந்திரத்தோடு போகும் இரண்டு பேருக்கு நாளுக்கு 1,800. இயந்திரம் செய்ய ஆகும் செலவு 5,00,000.

65 நாள் என்றால் 9,750 சிப்பம், மிச்சம் 3,31,500, கூலி 1,17,000 போக 2,14,500. போட்ட பணம் இரண்டேகால் ஆண்டைத் தாண்டியதும் திரும்பிவிடுகிறது. யாரும் கையெழுத்துப் போடுவார்கள்.

26 நாள் என்றால் 3,900 சிப்பம், மிச்சம் 1,32,600, கூலி 46,800 போக 85,800. பணம் திரும்ப ஏறக்குறைய ஆறு ஆண்டு. இதில் பழுது, வட்டி, சும்மா நிற்கும் மாதங்களில் துருப்பிடிக்காமல் காப்பாற்றும் செலவு எதுவும் சேரவில்லை. சூத்திரம் ஒன்றுகூட மாறவில்லை, நாள் மட்டும்தான் மாறியது.

இந்த இடத்தில் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன்.

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை மாதிரியில் முதல் ஆண்டு 60 சதவீதத் திறன், அடுத்து 70, அடுத்து 80 என்று ஏறிக்கொண்டே போகும். அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். உலர்த்தியின் ஓட்டம் மழையைப் பொறுத்து ஏறும், இறங்கும். முதல் ஆண்டு 40 நாள், இரண்டாம் ஆண்டு 12 நாள் என்று வரலாம். பத்து ஆண்டு நாட்காட்டியிலிருந்து உண்மையான வரிசையை எடுத்துப் போடுங்கள்.

இயந்திரத்தின் விற்பனை விலையை முதலீடாகப் போடுவது இன்னொன்று. பட்டறைக்கு முதலீடு என்பது செய்ய ஆன செலவு. ஆனால் அந்த இயந்திரத்தை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தை இழக்கிறார் இல்லையா, அதைத் தனி வரிசையில் காட்டி ஒப்பிட வேண்டும். வாங்க ஆளே இல்லாத இயந்திரம் என்றால் அந்த வரிசை சுழியம்.

பணம் வேலை நடந்த அன்றே வந்துவிடும் என்று வைப்பதும் தவறு. கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே விவசாயி தருவார். உமிக்கும் டீசலுக்கும் கூலிக்கும் அன்றே கொடுத்தாக வேண்டும். அக்டோபர் வருவாயை நவம்பருக்குத் தள்ளிப் பாருங்கள், லாபம் காட்டும் தாளிலேயே கையிருப்பு சுழியத்துக்குக் கீழே போவது தெரியும்.

நிகழ்கால மதிப்புக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. எக்செல்லின் என்பிவி சூத்திரம், கொடுக்கும் முதல் தொகையையே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் முதலீட்டை அடைப்புக்குள் போடக் கூடாது, வெளியே தனியாகக் கழிக்க வேண்டும். சூத்திரத்தை விளக்க வேறோர் எடுத்துக்காட்டு: 5,00,000 போட்டு ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 1,50,000 வருகிறது, கழிவு விகிதம் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) 12 சதவீதம் என்றால் சரியான விடை ஏறக்குறைய 40,700. எல்லாவற்றையும் உள்ளே போட்டால் 36,350 வரும். திட்டம் லாபமா நஷ்டமா என்பதை இது மாற்றாது, ஆனால் விற்பது, வாடகை, சிப்பக் கட்டணம் என்று மூன்று வழியை ஒப்பிடும்போது அளவு தவறாகிவிடும்.

8. எண்களை அசைத்துப் பாருங்கள்

ஒவ்வோர் ஊகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் கீழும் நகர்த்தி, எது விடையை அதிகம் ஆட்டுகிறது என்று பாருங்கள். எக்செல்லில் டேட்டா டேபிள், கால்க்கில் மல்டிபிள் ஆபரேஷன்ஸ் இதற்கு உதவும். எத்தனை நாள் ஓடினால் மூன்று ஆண்டில் பணம் திரும்பும் என்று கோல் சீக்கில் (வேண்டிய விடையைக் கொடுத்தால் அதற்கான எண்ணைத் தேடித் தரும் வசதி) கேளுங்கள். மேலே உள்ள எண்களில் நாளுக்கு மிஞ்சுவது 3,300 ரூபாய், ஆகவே ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 51 நாள் வேண்டும். டெல்டா நெல் மட்டும் 26 தருகிறது. மீதி 25 நாளுக்கு அரியலூர், பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளத்துக்குப் போக முடியுமா, உளுந்துக்குப் பயன்படுமா என்பது அடுத்த ஆய்வுக் கேள்வியாகத் தானே எழும்.

ஊகங்கள் தாளில் ஒரு கட்டத்தைத் (செல்) தனியாக வையுங்கள்: ஈரத் தளர்வு. மழை மிகுந்த ஆண்டுகளில் 17 சதவீத வரம்பை அரசு உயர்த்துவதுண்டு. விவசாயிக்கு அது பெரிய நிம்மதி, வர வேண்டியதும்கூட. உலர்த்திக்கோ, அதிக வேலை வர வேண்டிய அதே ஆண்டில் வாடிக்கையாளர் குறைவார். மழை கூடினால் வருவாய் கூடும் என்று நேர்கோடாக எழுதிய கணக்கு இங்கே உடையும். அந்தக் கட்டத்தில் 1 போட்டால் குறுவை நாட்கள் பாதியாகும்படி அமையுங்கள். அப்போதும் பட்டறை தாங்குமா?

9. எழுதும்போது

கட்டுப்படியாகாது என்று விடை வந்தால் அப்படியே எழுதுங்கள். லாபம் வர வேண்டும் என்று நாட்களை ஏற்றிவிடும் ஆசை வரும், வழிகாட்டும் பேராசிரியரே சொல்லவும் கூடும். எத்தனை நாளுக்குக் கீழே போனால் எந்த ஒப்பந்தம் உடைகிறது என்று காட்டும் ஆய்வேடு, பொய்யான லாபம் காட்டுவதைவிடப் பட்டறைக்காரருக்குப் பயன்படும். மூன்று நான்கு பட்டறைகளை வைத்து டெல்டா முழுவதும் இப்படித்தான் என்று எழுதாதீர்கள். ஆற்றுப் பாசனக் கடைமடைக்கும் போர் தண்ணீர் வயலுக்கும் நாட்காட்டியே வேறு என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

கோப்புப் பெயரில் தேதி போட்டுச் சேமியுங்கள். "இறுதி", "இறுதி புதிது" என்று வைத்தவர்களின் வாய்மொழித் தேர்வில் பழைய தாள் திறந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

10. தாளைப் பட்டறைக்குத் திருப்பிக் கொடுங்கள்

ஆய்வேடு ஆங்கிலத்தில் போகும். பட்டறைக்காரருக்குத் தமிழில் ஒரே பக்கம் தயார் செய்யுங்கள்: நாட்கள், சிப்பத்துக்கு மிச்சம், எந்த மாதம் கையில் பணம் இருக்காது, எந்த ஒப்பந்தம் வேண்டாம். கூடவே ஊகங்கள் தாளை அவர் செல்ஃபோனில் திறந்து காட்டுங்கள். மாற்ற வேண்டிய கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் போட்டு, மற்றதைப் பூட்டிவிடுங்கள்.

பிறகு நீங்கள் தொடாமல், அவரையே ஓர் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். கடைசியாக நாங்கள் கொடுத்த பட்டறையில், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, 26-ஐ அழித்து 14 என்று தட்டினார் அண்ணன். கீழே சிவப்பு வந்ததைப் பார்த்தார். "அப்ப நாள் வாடகைக்கு விட்டா?" என்று கேட்டு, அடுத்த தாளுக்குத் தானே போனார்.